தீவைச் சுற்றிப் பாதை போட்டவள்

சந்தனம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. அதை அவளுக்குச் சொன்னதே நான்தான், ஆதார் அட்டையைப் பார்த்து. "அம்புட்டுத்தானா? அறுவதத் தாண்டியிருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தாள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில், குண்டாற்றை ஒட்டியது எங்கள் ஊர். நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் கிடையாது. என் அம்மா தங்கலட்சுமியும் அவளும் பதினாறு வயதிலிருந்து ஒன்றாகக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கருவேலமரம் வெட்ட, மிளகாய் பறிக்க, பந்தல்குடிப் பக்கம் ரோட்டு வேலைக்குக் கல் சுமக்க என்று எங்கே போனாலும் சேர்ந்தே போவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் அன்று போவதில்லை.

சின்னம்மாவுக்குக் கல்யாணமான நான்காம் வருடம் புருஷன் வீரபாண்டி திருப்பூருக்குப் போனார். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். பிள்ளை இல்லை. இருபத்தைந்து வருடமாக அண்ணன் வீட்டில், மாட்டுக்கொட்டகையை மறித்துக் கட்டிய அறையில் இருக்கிறாள். அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அண்ணன் மகன்கள் தவிட்டுமூட்டை எடுக்க நினைத்த நேரத்தில் வருவார்கள். துணி மாற்றுவதற்குக்கூட எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். "உள்ளுக்குள்ள தாப்பாப் போடுற மாதிரி எனக்குன்னு ஒரு ரூமு வேணும்டி. வேற என்ன கேக்கப்போறேன் நான்" என்று அவள் என் அம்மாவிடம் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

போன ஆடியில் தீவு வேலை வந்தது.

கடலில் முக்கால் மணி நேரப் படகுப் பயணத்தில் ஒரு சின்னத் தீவு. அதை ஒரு சுற்றுலா நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்தது. தீவைச் சுற்றிக் கடலோரமாக ஒரு நடைபாதை போட வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்கிற மாதிரி வட்டமாக. தீவு முழுக்கக் கருவேலம் அடைத்துக் கிடந்ததால் அதை வெட்டிப் பழகிய ஆட்கள் வேண்டும் என்று அம்மா, சின்னம்மா உட்பட எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது ஆள் நான். பி.எஸ்சி. கணிதம் முடித்து இரண்டு வருடமாகப் போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான்கு தேர்வில் தோற்றவளும் நான்தான். வேலையிடத்தில் சூப்பர்வைசர் பிரின்ஸுக்கு டேப் பிடிக்கவும் தூரம் எழுதவும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டுப் பேரில் ஒருத்தியும் அதற்கு முன் படகில் ஏறியதில்லை. கரை மறைந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சின்னம்மாவின் இடுப்பை இறுகப் பிடித்தாள்.

"விடுடி, சேல அவுந்துரும்."

"அவுந்தா அவுழட்டும். இங்க மீனுதான் பாக்கப்போகுது."

இரண்டு மாதம் அங்கே தார்ப்பாய்க் கொட்டகையில் தங்கி வேலை செய்தோம். பாதை ஏழரைக் கிலோமீட்டர் வந்தது. படகுத்துறையில் தொடங்கி, கடல் இடப்பக்கமும் தீவு வலப்பக்கமும் இருக்கும்படி நடக்க வேண்டும். அப்படி வைத்தது சின்னம்மாதான். பிரின்ஸ் எதிர்ப்பக்கமாக அளக்கத் தொடங்கினார். "கோயிலச் சுத்துற மாதிரி வலமா வாங்க சார். கழுத மாதிரி இடமா சுத்திக்கிட்டு" என்றாள். அவர் சிரித்துவிட்டு டேப்பைத் திருப்பினார். அது நல்லதாகவும் போனது. காலையில் வெயில் முகத்தில் அடிக்காது.

முதல் இரண்டு கிலோமீட்டர் தாழம்புதரும் மணலுமாகச் சுலபமான நடை. அடுத்து, உடைந்த பவளக்கல் செருப்பைக் கிழிக்கும் ஓர் இடம். அங்கே சின்னம்மா கருவேலந்தூரைச் சீவி அடுக்கி மேலே மணல் கொட்டினாள். எங்கள் ஊர்க் கண்மாய் மடையில் வண்டி இறங்க அப்படித்தான் போடுவார்கள். மேற்கு முனையில் நீண்ட மணல்திட்டு. கடல் ஏறும் நேரம் தண்ணீர் முழங்கால் வரை வரும் என்பதால் பாதையை அங்கே உள்ளே தள்ளினோம். வடக்கே அலையாத்திக் காடும் சேறும். கடைசியில் ஒரு மேடு. அதில் ஏறினால் தீவு முழுவதும் தெரியும், புறப்பட்ட படகுத்துறையும் தெரியும். வேகமாக நடந்தால் இரண்டு மணி நேரம், பார்த்துப் பார்த்து நடந்தால் மூன்று. வயதானவர்களும் நடக்கலாம். ஆனால் வழியில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. எங்களுக்கே குடம் குடமாகப் படகில்தான் வந்தது.

ஐந்தாம் நாள் படகு வரவில்லை, காற்று. ஒன்பது பேருக்கும் தாகம். சின்னம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனாள்.

குண்டாற்றில் கோடையில் தண்ணீர் ஓடாது. மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எடுப்போம். மணலைக் கையில் அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே எங்கே தோண்டலாம் என்று சின்னம்மா சொல்லிவிடுவாள். எங்கள் ஆற்றில் ஆழம் போகப் போகத் தண்ணீர் தெளியும். அதே நினைப்பில் இங்கேயும் இடுப்பளவு தோண்டினாள். தண்ணீர் வந்தது. ஆசையாக அள்ளிக் குடித்தவள் துப்பினாள். வாயெல்லாம் உப்பு.

"ஏ சந்தனம், ஊறுகாப் போடலாமாடி?" என்று அம்மா கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சின்னம்மா விடவில்லை. அடுத்த நாள் படகில் தண்ணீர் வந்த பிறகும் நாள் முழுக்க யோசித்துக்கொண்டே மரம் வெட்டினாள். அதற்கு மறுநாள் கோரைப்புல் நின்ற ஒரு பள்ளத்தில், முழங்கை ஆழம் மட்டும் தோண்டிவிட்டு நிறுத்தினாள். குழிக்குள் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரைமணி நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊறியது. இனிப்பாக இருந்தது.

"மழத்தண்ணி மேல மெதக்குது. உப்புத்தண்ணி கீழ கெடக்குது. நாமதான் அவசரப்பட்டுக் கீழ போயிட்டோம்" என்றாள். அதை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. அதன்பின் பாதையில் இன்னும் இரண்டு இடத்தில் அப்படி ஊற்றுக் கண்டுபிடித்தாள்.

எங்கள் ஊரில் ஊற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டியவள் தன் வாயால் 'இது என் ஊற்று' என்று சொல்லமாட்டாள். சொன்னால் ஊற்றுக்கண் மூடிவிடும் என்பார்கள். யாராவது வந்து "யாரு ஊத்து?" என்று கேட்டால் கூட இருப்பவள்தான் "இவுக ஊத்து" என்று பேர் சொல்ல வேண்டும். கூட இருப்பவள் சொல்லாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதில் ஏமாற்ற என்ன இருக்கிறது, ஒரு குடம் தண்ணீர்தானே.

ஊற்றைப் பார்த்த பிரின்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதை முடியும் தறுவாயில் ஒருநாள் வந்து, "அக்கா, பாதையப் பாத்துக்க நிரந்தரமா ஒரு ஆளு எடுக்கப்போறாங்க. மாசச் சம்பளம், தங்குறதுக்கு ரூமு. தண்ணி கண்டுபிடிச்ச ஆளையே வைக்கலாம்னு மேடத்துக்கிட்ட சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வருவாங்க" என்றார்.

படகுத்துறைக்கு மேலே தகரக்கூரை போட்ட ஒற்றை அறைதான் அது. சின்னம்மா வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவாள். நான் ஒருநாள் தேடிப் போனபோது அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"எண்ணெ விடணும், இறுகுது" என்றாள் வெட்கத்துடன்.

"எப்பச் சின்னம்மா பால் காய்ச்சப்போற?"

"மொத ஒங்கம்மாவுக்குத்தான் காப்பி. பொறவுதான் சாமிக்கு."

மேடம் ஒரு வியாழக்கிழமை வந்தார். நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவர், சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும். பாதை முழுவதையும் நடந்தே பார்ப்பேன் என்று சொன்னது எனக்குப் பிடித்தது. பிரின்ஸ் பின்னால் வரும் ஆட்களை ஏற்றிவரப் படகோடு திரும்பிப் போயிருந்தார். வழி காட்ட அம்மாவும் சின்னம்மாவும் நானும் போனோம். பவளக்கல் இடத்தில் நின்று, "நல்லா யோசிச்சுப் போட்டிருக்கீங்க" என்றார். கோரைப் பள்ளத்துக்கு வந்தோம். ஊற்றில் தண்ணீர் தெளிவாக நின்றது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"இதைக் கண்டுபிடிச்சவங்களையே வேலைக்கு வைக்கலாம்னு பிரின்ஸ் சொன்னாரு. யாரு அது?"

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாய் திறக்கவில்லை. உதட்டோரம் சிரிப்பு மட்டும் இருந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சொன்னாள்: "எம் மகதான் மேடம். காளீஸ்வரி. டிகிரி படிச்சிருக்கு."

காற்றுச் சத்தமும் அலைச் சத்தமும் இருந்தன. ஆனாலும் தெளிவாகவே கேட்டது. மேடம் என்னைப் பார்த்தார். "அட, நீயா?" என்றார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நேரம் இல்லாமல் போய்விட்டது என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அவர் என் பெயரைத் திருப்பிக் கேட்டு, எழுதிக்கொண்டு, எந்த ஊர் என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

சின்னம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. ஏதோ கணக்கில் தப்பு நேர்ந்துவிட்டது, இதோ இப்போது இவள் திருத்திச் சொல்வாள் என்று காத்திருப்பது போல. அம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கிட்டு வாங்க மேடம், சேறு வழுக்கும்" என்று முன்னால் நடந்தாள். மீதி நான்கு கிலோமீட்டரும் சின்னம்மா எங்களுக்குப் பின்னால் வந்தாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்த பிரின்ஸ் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அது அந்த அக்கா தோண்டினதுதானே?" நான் டேப்பைச் சுருட்டத் தொடங்கினேன். "மேடம் எழுதிட்டாங்க. இனி நான் போய்ச் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆகும்" என்றார். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

அன்று அம்மாவிடம் சண்டை போட்டேன். சண்டை என்ன சண்டை, குரலைத் தாழ்த்தித்தான்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்றது? நீ எத்தன வருசம் பரீச்ச எழுதிக்கிட்டே கெடப்ப? அவளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. எப்படியும் அவளுக்குக் குடுக்க மாட்டாக. வீணாப் போறது நமக்கு வந்துச்சு."

"சின்னம்மா என்ன நினைக்கும்?"

"அவ எம்புட்டோ பாத்தவ. எனக்குத் தெரியாதா அவள?"

'எப்படியும் குடுக்க மாட்டாக' என்ற அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

புரட்டாசியில் வேலையில் சேர்ந்தேன். பாதைப் பொறுப்பாளர் என்று சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு பெயர்ப்பட்டை. தகரக்கூரை அறை. தினமும் இரண்டு கூட்டத்தைப் பாதையில் கூட்டிப்போவேன். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. கோரைப் பள்ளத்தில் நிற்கும்போது, "இந்த ஊற்று எப்படிக் கிடைத்தது?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "எங்கள் ஊர்ப் பக்கம் இப்படித் தோண்டுவார்கள்" என்பேன். பொய் இல்லாத ஒரு பதிலைத் தேடி வைத்திருந்தேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சின்னம்மாவைப் பார்ப்பேன். எப்போதும் போல, கூலியாட்களின் வேனில் அம்மா பிடித்து வைக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய்வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியா? எளச்சுட்ட" என்பாள். அவள் மறந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. ஆனால் அவள் துணி மாற்ற எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அதை நான் கவனிக்க ஆறு மாதம் ஆனது.

பங்குனியில் கூட்டம் அதிகமானது. ஊற்றை ஆழப்படுத்தி உறை இறக்கி மோட்டார் வைக்கலாம் என்று நிறுவனத்தில் முடிவு செய்தார்கள். "நீங்க என்ன சொல்றீங்க காளீஸ்வரி?" என்று மேடம் போனில் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். பதினைந்து நாளில் தண்ணீர் உப்பானது. மற்ற இரண்டு ஊற்றும் கலங்கிவிட்டன. பாதையை மூடும் நிலை வந்தது. மேடம் நேரில் வந்தார்.

"வேற இடம் பாருங்க. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க."

அப்போது சொன்னேன். எட்டு மாதம் கழித்து, வேறு வழியில்லாமல். தோண்டியது நானில்லை, அன்று வாயைத் திறக்காமல் நின்ற அந்த இன்னொரு அம்மாதான் என்றேன். "அவங்களுக்குப் படிப்பு இல்ல மேடம். எப்படியும் நீங்க வேலை குடுத்திருக்க மாட்டீங்கன்னு எங்க அம்மா…"

"படிப்பு நான் எப்பக் கேட்டேன்?" என்றார் மேடம். "தண்ணி பாக்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும். எழுதுறதுக்கு யாரை வேணும்னாலும் வச்சிருப்பேனே."

பிறகு, "சரி, வேலை உங்க பேர்ல போட்டாச்சு, பாதையும் உங்களுக்குத்தான் பழக்கம், இனி உங்களை மாத்த முடியாது. அவங்களை உங்களுக்கு உதவியா வரச் சொல்லுங்க. எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாளே ஊருக்குப் போனேன். நரிக்குடிப் பக்கம் ஒரு மிளகாய்க் கொல்லையில் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே சின்னம்மா குனிந்திருந்தாள். அம்மா நான்கைந்து வரிசை தள்ளி இருந்தாள். நான் சின்னம்மாவின் வரிசையில் போய் நின்று, பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன், மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், உன்னைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்றேன். ஊற்று உப்பானதையும் சொன்னேன். அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, தண்ணி கேக்க வந்தியா?"

எதற்கு வந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"மோட்டாரத் தூக்கிரு" என்றாள். "தோண்டுனத மண்ணப் போட்டு மூடு. மழ பெய்யிறவரைக்கும் அங்க கைய வைக்காத. இப்பத்திக்கு, மேட்டுக்குப் பின்னால ஒரு கோரப் பள்ளம் கெடக்குல்ல, அங்க மொழங்கை ஆழம் தோண்டு. அதுக்கு மேல ஒரு விரக்கட போகாத. அள்ளுறவங்க செம்புலதான் அள்ளணும். வாளி விட்டா செத்துச்சு."

"நீயே வந்து பாரேன் சின்னம்மா. வேலை தர்றாங்க."

"என்ன வேல?"

"எனக்கு… உதவியா."

அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஒனக்குக் கீழயா?"

"அந்த ரூமை நீயே வச்சுக்கோ. நான் வெளியில…"

"போடி. தாப்பாளுக்கு ஆசப்பட்டவதான் நான். அதுக்காகத் தங்கலட்சுமி மக பின்னாடி வாளியத் தூக்கிட்டு அலைவனா?" மிளகாயைச் சாக்கில் கொட்டினாள். "வேல போனதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. எத்தனயோ போயிருக்கு. நீ சின்னப் புள்ள, பயந்து நின்ன. ஒங்கம்மா அன்னைக்கு எம் பேரச் சொல்லல. சரி, இன்னைக்கு வந்து சொல்லுவா, நாளைக்கு வந்து சொல்லுவான்னு எட்டு மாசம் அவ கூடவே வேனுல போயிட்டு வந்தேன். ஒரே தூக்குலதான் சாப்டோம். 'ஏ சந்தனம், தப்புப் பண்ணிட்டேன்டி'ன்னு ஒரு வார்த்த. சொல்லல."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே எனக்கு வேனுல எடம் பிடிச்சு வைக்க வேணாம்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லிரு. நீயே சொல்லு. நான் சொன்னா அவ அழுவா. எனக்குப் பாவமாப் போயிரும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மேடம் படிப்புக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "அப்படியா சொன்னாக?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் அரிசியை உலையில் போட்டாள்.

மறுநாள் காலை, ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் இரண்டு வேன் நின்றன. ஒன்று வழக்கமான மிளகாய்க் கொல்லைக்கு. இன்னொன்று குமாரலிங்கபுரத்துக்கு, ஜவுளிப் பூங்கா வரப்போகிற இடத்தில் முள்வெட்ட. நான் தீவுக்குத் திரும்பச் சாயல்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அம்மா மிளகாய் வேனில் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தூக்குவாளியை வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்ட பிறகும் இடம் பிடித்திருந்தாள்.

சின்னம்மா அடுத்த வேனை நோக்கி நடந்தாள்.

"ஏ சந்தனம்! இங்கிட்டு வா. எடம் இருக்கு."

"நான் குமாரலிங்கபுரம் போறேன்."

"அங்க யாரத் தெரியும் ஒனக்கு?"

"யாரையும் தெரியாது. அதுக்குத்தான் போறேன்."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அடியே, சொல்றதக் கேளு. அன்னைக்கு நான்…" என்றாள். வேனுக்குள் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நிறுத்திக்கொண்டாள். சின்னம்மா கொஞ்ச நேரம் நின்றாள். அன்று கோரைப் பள்ளத்தில் நின்ற அளவுக்கு நேரம் இருக்கும். பிறகு படியில் கால் வைத்து ஏறிவிட்டாள்.

"ஏத்தா, தூக்க எடு, ஆளு ஒக்காரணும்" என்று யாரோ சொல்ல, அம்மா தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வேனும் கிளம்பின. என் பஸ்ஸும் வந்தது. நானும் ஏறினேன்.